மங்கிய வெள்ளைச் சீருடைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு



புதிய தவணை தொடங்கினால் எமது ஊர் வீடுகளில் ஒரே கதைதான். போன வருடத்துச் சீருடை அளவாக இருக்கிறது. கிழியவில்லை, தையல் விடவில்லை. ஆனால் வெள்ளை இல்லை. கழுத்தில் மஞ்சள், கக்கத்தில் பழுப்பு, மற்ற இடமெல்லாம் சாம்பல் படிந்தது போல ஒரு மங்கல். தம்பிக்கு எடுத்து வைக்கலாம் என்றால் அவன் போடமாட்டேன் என்கிறான். புதிதாக வாங்குவதென்றால் விலை எல்லோருக்கும் தெரியும். கடைசியில் பல வீடுகளில் குளோரீன் போத்தல் வாளிக்குள் கவிழ்கிறது. சில மாதங்களில் சட்டை முன்பைவிட மஞ்சளாகி, தோள் பக்கத்தில் நூல் இற்றுப் போகிறது. பழி பிள்ளையின் தலையில் விழுகிறது, இல்லையென்றால் உம்மாவின் தலையில்.

இந்தப் பதிவில் வெள்ளை உடுப்பை வெள்ளையாக்கும் கலையின் வரலாற்றைச் சொல்லப் போகிறோம். சும்மா ஒரு வரலாறு என்று தள்ளிவிட வேண்டாம். மனிதன் வெண்மைக்காகக் கண்டுபிடித்த ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு விதமான மங்கலுக்கான மருந்து. எந்த மங்கலுக்கு எந்த மருந்து என்று தெரிந்தால் பாதிச் சட்டைகளைக் காப்பாற்றலாம். தெரியாவிட்டால் தலைவலிக்குக் கண் மருந்து விட்ட கதைதான்.

வெள்ளைக்கும் எமக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. ஜும்ஆவுக்கு வெள்ளை, பெருநாளைக்கு வெள்ளை, ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்களுக்கு இஹ்ராம் வெள்ளை, கடைசியில் கபனும் வெள்ளை. வெள்ளை ஆடையை உடுத்தவும் மையித்தை வெள்ளையில் கபனிடவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். அதோடு எமது பிள்ளைகள் பதின்மூன்று வருடம் பாடசாலைக்கு வெள்ளையில்தான் போகிறார்கள். 1993இல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளைப் போன்ற ஒரு வெள்ளைச் சட்டை கிடைத்தது. துணி இலவசமாக வந்தது. அதை வெள்ளையாகவே வைத்திருக்கும் வேலை மட்டும் வீட்டுக்கு விடப்பட்டது.

*முதல் மருந்து: காரம்*

பழைய எகிப்தியர்கள் லினன் துணி உடுத்தியவர்கள். அதைக் கழுவ அவர்கள் பாவித்தது நத்ரூன் என்னும் உப்பு. பாலைவன ஏரிகள் வற்றும்போது கரையில் படியும் சோடா அது. பெனி ஹஸன் என்ற இடத்துக் கல்லறைச் சுவர்களில், ஆட்கள் துணியை அலசுவதும் முறுக்கிப் பிழிவதும் சித்திரமாகவே இருக்கின்றன. இன்று க.பொ.த. சாதாரண தரப் பிள்ளை படிக்கும் சோடியத்தின் இலத்தீன் பெயர் நேத்ரியம். அந்தப் பெயர் இந்த நத்ரூனிலிருந்து வந்தது.

உவர் நிலத்தில் வளரும் சில செடிகளை எரித்தால் கிடைக்கும் சாம்பலுக்கு அரபியில் அல்-கலீ என்று பெயர். அர்-ராஸி போன்ற இரசாயன அறிஞர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். ஐரோப்பியர்கள் அந்தச் சொல்லையே எடுத்து அல்கலி என்றார்கள். பொற்றாசியத்தின் இலத்தீன் பெயரான கேலியமும் அதே கலீதான். அலெப்போவிலும் நாப்லஸிலும் ஒலிவ் எண்ணெயையும் இந்தக் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய சவர்க்காரம் நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. எமது தமிழ்ச் சொல்லைப் பாருங்கள்: சவர்க்காரம். காரம் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

காரம் என்ன செய்கிறது? எண்ணெய்ப் பிசுக்கைத் தாக்கி, நீரில் கரையக்கூடிய பொருளாக மாற்றுகிறது. உடம்பிலிருந்து வரும் வியர்வையோடு எண்ணெயும் வருகிறது. அது துணியில் ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுத்து மஞ்சளுக்கு முக்கிய காரணம் இதுதான்.

உரோமர்களின் வழி கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும். அவர்களுடைய சலவைக்காரர்கள் தெருவோரம் சாடிகளை வைத்து மனிதச் சிறுநீரைச் சேகரித்தார்கள். சிறுநீர் நாட்பட்டால் அமோனியா உண்டாகும். அதுவும் ஒரு காரம். அந்தத் தொட்டிக்குள் இறங்கி நின்று கால்களால் துணியை மிதித்தார்கள். பொம்பேய் நகரத்து இடிபாடுகளில் அந்தத் தொட்டிகளை இன்றும் காணலாம். வெஸ்பாசியன் என்ற பேரரசர் இந்தச் சிறுநீருக்கும் வரி போட்டார். உரோமில் பதவிக்குப் போட்டியிடுபவர்கள் தமது மேலங்கியை வெண்சுண்ணத் தூள் பூசிப் பளிச்சிடச் செய்துகொண்டு ஆதரவு கேட்டு வருவார்கள். பளிச்சிடும் வெள்ளைக்கு இலத்தீனில் கேண்டிடஸ். வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து பிறந்தது. எமது அரசியல்வாதிகளின் வெள்ளை உடுப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் தெரிந்து வைத்திருங்கள். வழக்கம் மிகப் பழையது.

எமது பக்கத்திலும் இதே அறிவு இருந்தது, வேறு பொருட்களில். கட்டாடிமார் என்று சில இடங்களில் அழைக்கப்பட்ட சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை ஊறவைத்து, பெரிய பானைக்கு மேலே அடுக்கி, கீழே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியில் வேகவைப்பார்கள். இதுதான் வெள்ளாவி. காரம், சூடு, ஈரம், நேரம் நான்கும் ஒன்றுசேரும்போது எந்தப் பிசுக்கும் கழன்றுவிடும். பிறகு கல்லில் அடித்து, அலசி, வெயிலில் விரிப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பனி சென்னையில் துணி வியாபாரம் செய்தபோது, ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் இன்றும் வண்ணாரப்பேட்டை என்றே இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கைகள் வெளுத்த துணி பள்ளிக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போனது. வெளுத்தவர்களைச் சமூகம் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது. அவர்களிடமிருந்த இரசாயன அறிவை யாரும் அறிவு என்று எழுதி வைக்கவில்லை. இன்று வெள்ளாவி என்றால் என்னவென்று கேட்டால் எமது வகுப்பில் கை உயர்த்தும் பிள்ளை இல்லை.

*இரண்டாவது மருந்து: வெயிலும் புளிப்பும்*

பிசுக்கு போன பிறகும் துணியில் நிறம் இருக்கும். அதை எடுக்க வேறு வழி வேண்டும். ஒல்லாந்தர் எமது நாட்டின் கரையோரத்தை 1658 முதல் 1796 வரை ஆண்டதைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே காலத்தில் அவர்களுடைய சொந்த நாட்டில் ஹார்லெம் நகரைச் சுற்றியுள்ள மணல்மேடுகளுக்கு அருகே, புல்வெளிகள் முழுவதும் வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. வேறு நாடுகளில் நெய்த லினனைக்கூட வெளிற்றுவதற்காக அங்கே அனுப்பினார்கள். மரச்சாம்பல் நீரில் ஊறவைப்பது, புல்லில் விரித்து அடிக்கடி நனைத்து வெயில் காட்டுவது, பிறகு மோரில் ஊறவைப்பது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது. இப்படி மாதக் கணக்கில் நடக்கும். யாக்கொப் வான் ரொய்ஸ்டால் என்ற ஓவியர் 1670 அளவில் அந்த வெளிகளை வரைந்திருக்கிறார். பெரிய வானத்தின் கீழே நீள நீளமாக வெள்ளைக் கோடுகள் தெரியும். அவை துணிகள்.

வெயில் ஏன் வெளிற்றுகிறது? ஈரத் துணியில் சூரியனின் கழியூதாக் கதிர் படும்போது, காற்றிலுள்ள ஒட்சிசனும் நீரும் சேர்ந்து நிறப் பொருளை மெதுவாகச் சிதைக்கின்றன. காய்ந்த துணியில் இது குறைவு. அதனால்தான் அவர்கள் திரும்பத் திரும்ப நனைத்தார்கள். மோர் எதற்கு? அதிலுள்ள புளிப்பு, அதாவது அமிலம், துணியில் மிஞ்சிய காரத்தைச் சமப்படுத்துகிறது. நீரிலிருந்து ஏறிய சுண்ணாம்பையும் இரும்பையும் கரைத்து வெளியே எடுக்கிறது.

இவ்வளவு காலம் வெளியில் கிடக்கும் துணியைத் திருடுவது சுலபம். ஆகவே 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெளிற்றும் மைதானத்தில் துணி திருடினால் மரண தண்டனை என்று சட்டம் இருந்தது. 1811இல்தான் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. ஒரு துண்டு வெள்ளைத் துணிக்கு மனித உயிரை விலையாக வைத்த காலம் அது.

1756இல் எடின்பரோவில் பிரான்சிஸ் ஹோம் என்ற வைத்தியர், மோருக்குப் பதிலாக நீர்த்த சல்பூரிக்கமிலத்தைப் பாவிக்கலாம் என்று காட்டினார். வாரக் கணக்கில் எடுத்த வேலை மணிக் கணக்கானது. ஆனால் வெயிலுக்கு மட்டும் இன்னும் மாற்று வரவில்லை.

*மூன்றாவது மருந்து: குளோரீன்*

1774இல் சுவீடனைச் சேர்ந்த ஷீலே குளோரீன் வாயுவைப் பிரித்தெடுத்தார். 1785இல் பிரான்சில் பெர்த்தொலே, அந்த வாயு கரைந்த நீர் துணியை வெளிற்றுவதைக் காட்டினார். பாரிஸுக்கு அருகே ஜவெல் என்ற இடத்தில் அதைத் திரவமாகத் தயாரித்தார்கள். இன்று கடையில் போத்தலில் விற்கும் வெளிற்றும் திரவத்தின் மூதாதை அதுதான். 1799இல் கிளாஸ்கோவில் சார்ள்ஸ் டெனன்ட், குளோரீனைச் சுண்ணாம்போடு சேர்த்து வெளிற்றும் தூள் தயாரிக்கும் உரிமத்தைப் பெற்றார். தூள் என்பதால் மூட்டையில் கட்டி எங்கும் அனுப்பலாம். மாதங்கள் எடுத்த வேலை நாட்களில் முடிந்தது. புல்வெளிகள் மீண்டும் மாட்டுக்கும் பயிருக்கும் போயின. பருத்தி ஆலைகள் அவ்வளவு வேகமாக நெய்து தள்ளிய துணியை வெளிற்ற வெயிலும் புல்லும் போதவே போதாது. அந்தத் தடையைக் குளோரீன் உடைத்தது.

இதே காலத்தில் காரத்தின் கதையும் மாறியது. 1791இல் நிக்கலஸ் லெப்லாங் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய தொழிற்சாலை பறிபோனது. வறுமையில் 1806இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய முறையில் ஓடிய ஆலைகள் உலகத்துக்கு மலிவான சோடாவும் சவர்க்காரமும் கொடுத்தன. கூடவே ஐதரோகுளோரிக்கமிலப் புகையையும் கக்கின. சுற்றியுள்ள மரங்களும் பயிர்களும் கருகிய பிறகு, 1863இல் பிரித்தானியா அந்தப் புகையைக் கட்டுப்படுத்த ஒரு தனிச் சட்டமே கொண்டுவந்தது. வெளிற்றும் தூளை நிரப்பிய தொழிலாளர்கள் மூக்கையும் வாயையும் கம்பளித் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். பணக்கார வீட்டு மேசை விரிப்பின் வெண்மைக்கு அவர்களுடைய நுரையீரல் விலை கொடுத்தது.

குளோரீனை நாம் குறை சொல்ல வரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குப் போடுவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது பலமான ஆயுதம். நிறத்தோடு நூலையும் தின்னும். வியர்வையும் உடம்பு எண்ணெயும் ஊறிய துணியைக் கழுவாமல் குளோரீனில் போட்டால் மஞ்சள் கூடலாம். இரும்பு உள்ள தண்ணீரில் போட்டால் இரும்பு துருவாகித் துணியிலேயே உறைந்துவிடும். பட்டு, கம்பளி, இழுபடும் துணி ஆகியவற்றுக்கு அது ஆகவே ஆகாது.

*நான்காவது மருந்து: நீலம்*

மூத்தும்மாமார் கடைசி அலசலுக்கு நீலம் போட்டது எமக்கெல்லாம் நினைவிருக்கும். நீலம் அழுக்கை எடுப்பதில்லை. மஞ்சளுக்கு எதிர் நிறம் நீலம். இலேசான நீலச் சாயல் மஞ்சளை மறைக்கும்போது கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு காலத்தில் மிக உயர்ந்த நீலம், ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளிலிருந்து வந்த லாஜவர்த் என்ற கல்லை அரைத்து எடுக்கப்பட்டது. அதைச் சலவைக்குப் போட யாராலும் முடியாது. 1824இல் பிரான்சில் ஒரு சங்கம், அந்த நீலத்தைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6000 பிராங்க் பரிசு அறிவித்தது. 1828இல் கிமே என்பவர் அதைப் பெற்றார். அரசர்களின் ஓவியத்துக்கு உரிய நீலம் சலவை வாளிக்கு இறங்கியது அதன் பிறகுதான். இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் கம்பனி அதைச் சின்னக் கட்டிகளாக்கிப் பேரரசு முழுவதும் விற்றது.

இலங்கைச் சலவைக் கல்லில் இன்னொரு பெயரும் உண்டு. 1884இல் லீவர் என்ற வியாபாரி சன்லைட் என்ற பெயரில் சவர்க்காரத்தை விற்கத் தொடங்கினார். பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அந்தத் தொழிலுக்கு உயிர். லீவர் கம்பனி 1938இல் கொழும்பிலும் காலூன்றியது. தேங்காய் எண்ணெயில் செய்த சவர்க்காரத்துக்கு ஒரு சிறப்பு இருக்கிறது. உவர்த் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அது பெரிய விஷயம்.

*ஐந்தாவது மருந்து: ஒட்சிசன் தூள்*

1907இல் ஜேர்மனியின் ஹென்கல் கம்பனி பெர்சில் என்ற சலவைத் தூளை வெளியிட்டது. பெர்போரேட், சிலிகேட் என்ற இரண்டு பொருட்களின் பெயரைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார்கள். பெர்போரேட் வெந்நீரில் ஐதரசன் பரவொட்சைட்டைக் கொடுக்கும். ஒல்லாந்தர் புல்வெளியில் வெயில் மாதக் கணக்கில் மெதுவாகச் செய்த வேலையை இது வாளிக்குள் செய்கிறது. இன்று பெர்போரேட்டின் இடத்தில் சோடியம் பெர்காபனேற்று வந்திருக்கிறது. "ஒட்சிசன் பிளீச்" என்று பெட்டியில் எழுதியிருக்கும். குளோரீனை விட மெதுவானது, நூலுக்கு இரக்கமுள்ளது, பருத்திக்கும் பொலியெஸ்டர் கலந்த துணிக்கும் ஏற்றது. ஆனால் பச்சைத் தண்ணீரில் சோம்பலாக இருக்கும். கை பொறுக்கும் அளவைவிடக் கொஞ்சம் கூடிய சூடு வேண்டும், ஓரிரு மணி நேரமாவது ஊற வேண்டும்.

*ஆறாவது மருந்து: ஒளிரும் சாயம்*

இதுதான் இன்றைய குழப்பத்தின் வேர். 1929இல் பவுல் கிரைஸ் என்ற ஜேர்மானியர், குதிரைக் கஷ்கொட்டை என்ற மரத்திலிருந்து எடுத்த சாற்றில் துணியைத் தோய்த்தால், அது சூரிய ஒளியில் அதிக வெள்ளையாகத் தெரிவதைக் கவனித்தார். அந்தச் சாற்றிலுள்ள பொருள் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக வெளியே விடுகிறது. 1940கள் முதல் செயற்கையாகச் செய்த இத்தகைய பொருட்கள் துணி ஆலைக்கும் சலவைத் தூளுக்கும் வந்தன.

கடையிலிருந்து வரும் புதுச் சட்டை கண்ணைக் கூசுவது இதனால்தான். அது சுத்தமான வெள்ளையைவிடக் கூடுதல் வெள்ளை. காசுத் தாளைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழே பிடித்தால் அப்படியே ஒளிரும். கழுவக் கழுவ, வெயிலில் கிடக்கக் கிடக்க இந்தச் சாயம் குறைந்துவிடும். அப்போது சட்டை சுத்தமாக இருந்தும் புதுச் சட்டைக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும். அதிலே அழுக்கு இல்லை. அதன் பூச்சுத்தான் போயிருக்கிறது. அந்தச் சட்டையைக் குளோரீனில் எத்தனை முறை போட்டாலும் பூச்சு திரும்பி வராது. நூல்தான் போகும்.

*இனி உங்கள் வாளிக்கு வருவோம்*

முதலில் மங்கலின் காரணத்தைப் பாருங்கள்.

கழுத்தும் கக்கமும் மட்டும் மஞ்சள் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. காரம் வேண்டும். ஐந்து லீற்றர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு, சவர்க்காரமும் தேய்த்து ஊறவையுங்கள். அப்பச்சோடா மட்டும் போதாது, அதன் காரம் மிக இலேசு.

துணி முழுவதும் சாம்பல் நிறமாகி, தொட்டால் முரடாக இருந்தால் தண்ணீரின் சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்து படிந்திருக்கிறது. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளைப் பாவிப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். அளவுக்கு மிஞ்சித் தூள் போட்டு, சரியாக அலசாமல் விட்டாலும் இப்படி ஆகும். வெந்நீரில் சலவைச் சோடாவோடு ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கடைசித் தண்ணீருக்குக் கொஞ்சம் வினாகிரி விடலாம்.

துணி முழுவதும் பழுப்பு மஞ்சள் என்றால் கிணற்றைச் சந்தேகியுங்கள். வாளியில் பிடித்த தண்ணீரை ஒரு இரவு வைத்துப் பாருங்கள். அடியில் செம்பழுப்பு படிந்தால் இரும்பு இருக்கிறது. இதற்குப் புளிப்புத்தான் மருந்து. நாலைந்து தேசிக்காயின் சாற்றை வடிகட்டி வெந்நீரில் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். ஒல்லாந்தரின் மோர் செய்த வேலை இது. இந்தத் துணிக்குக் குளோரீன் வேண்டவே வேண்டாம். இனிமேல் கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் நல்லது.

இவற்றுக்குப் பிறகும் நிறம் மிஞ்சினால் ஒட்சிசன் தூளில் ஊறவைத்து, ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். பருத்தித் துணி என்றால் காயும்போது ஒருமுறை தண்ணீர் தெளித்து விடுங்கள். கலப்புத் துணியைக் காய்ந்தவுடன் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் புதுச் சட்டையின் பளிச் இல்லையென்றால் கடைசி அலசலில் நீலம் போடுங்கள். நீலத்தை முதலில் தண்ணீரில் நன்றாகக் கரையுங்கள். துணியின் மேலே நேரடியாக ஊற்றினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பருத்திச் சட்டைக்கு மூத்தும்மாமார் போல இலேசாகக் கஞ்சியும் போடலாம். அடுத்த முறை அழுக்கு கஞ்சியில் ஒட்டும், கழுவும்போது கஞ்சியோடு கழன்று போகும்.

குளோரீன் கடைசி வழி. வெள்ளைப் பருத்திக்கு மட்டும், போத்தலில் சொன்ன அளவில், பச்சைத் தண்ணீரில், சில நிமிடம். பிறகு நன்றாக அலச வேண்டும்.

மிக முக்கியமான எச்சரிக்கை: குளோரீன் திரவத்தோடு தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, மலசலகூடம் கழுவும் அமிலம், அமோனியா எதையும் ஒருபோதும் கலக்க வேண்டாம். நச்சு வாயு வரும். பூட்டிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. "இரண்டும் அழுக்கு எடுக்கிற சாமான்தானே, சேர்த்துப் போட்டால் என்ன" என்று யாராவது சொன்னால் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

*ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்*

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விஷயம் இருக்கிறது. வெள்ளை என்பது எப்போதும் தண்ணீர், நேரம், விறகு, காசு, உழைப்பு எல்லாம் சேர்ந்து கிடைத்த ஒன்று. உரோமில் தொட்டி மிதித்தவர், ஹார்லெமில் துணி நனைத்தவர், கிளாஸ்கோவில் தூள் நிரப்பியவர், எமது ஊரில் வெள்ளாவி வைத்த கட்டாடி, இன்று இரவு பத்து மணிக்கு வாளியோடு நிற்கும் உம்மா எல்லோரும் அந்த வெள்ளைக்குள் இருக்கிறார்கள்.

காலைக் கூட்டத்தில் சட்டையின் நிறத்தைப் பார்த்துப் பிள்ளையை முன்னே கூப்பிட்டு நிறுத்தும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு சட்டை இருக்கலாம். வீட்டுக் கிணற்றில் இரும்பு இருக்கலாம். சட்டை நேற்று இரவு கழுவியதாகவும் இருக்கலாம், பூச்சு மட்டும் போயிருக்கலாம். அழுக்கான சட்டையும் மங்கிய சட்டையும் ஒன்றல்ல. சுத்தத்தைப் பிள்ளையிடம் கேளுங்கள், அது எமது கடமை. பளிச்சைக் கேட்க வேண்டாம். அது தொழிற்சாலை கொடுப்பது.

வீட்டில் ஆண்பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களுக்கும் பழக்குங்கள். ஒன்பதாம் பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அமிலம், காரம், ஒட்சியேற்றம் மூன்றையும் படிப்பிக்க ஒரு வாளியும் ஒரு பழைய சட்டையும் போதும். நல்ல வெயில் உள்ள ஒரு சனிக்கிழமை வீட்டில் செய்து பாருங்கள். தேறிய சட்டைகளில் பிள்ளைக்குச் சிறுத்தவை இருந்தால், மடித்து வைக்காமல் அளவான ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். ஊரில் தேவைப்படும் வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். கொடுப்பதை யாருக்கும் காட்டாமல் கொடுங்கள்.

உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி, மூத்தும்மாமார் என்ன செய்தார்கள் என்று கீழே எழுதுங்கள். பலருக்குப் பயன்படும்.